ஆபீஸ் ஏசி தகராறு: 18 வைப்பதா 26 வைப்பதா, எப்படித் தீர்ப்பது?

நாலாம்மாடி (திங்கள், காலை 10:12)

வணக்கம் நண்பர்களே. கிண்டியில் ஒரு வாடகைக் கட்டடத்தின் நாலாவது மாடியில் எங்கள் ஆபீஸ். மொத்தம் இருபத்தைந்து பேர் சொச்சம், எல்லாரும் ஒரே ஹாலில். சீலிங்கில் நான்கு கேசட் ஏசி இருக்கிறது. மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி.

கண்ணாடி ஓரம் உட்காரும் சேல்ஸ் டீம் காலையில் வந்ததும் 18-க்கு இறக்கிவிடுவார்கள். நடு வரிசையில், நேராக ஏசிக்குக் கீழே உட்காரும் அக்கவுண்ட்ஸ் ஆட்கள் பதினோரு மணிக்கெல்லாம் துப்பட்டாவைக் காது வரை சுற்றிக்கொண்டு 26-க்கு ஏற்றுவார்கள். மதியம் மூன்று மணிக்கு மறுபடியும் 18. போன வாரம் யாரோ ரிமோட்டை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். மறுநாள் இன்னொருவர் மேஜை மேல் ஏறி, ஏசியில் காற்று வரும் வாயை ஏ4 தாளால் மூடி செல்லோடேப் ஒட்டிவிட்டார். இப்போது இரண்டு டீமும் ஒன்றாகச் சாப்பிட உட்காருவதே இல்லை. நிர்வாகத்திடம் கேட்டால், உங்களுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

கத்திரி வெயில் தொடங்குவதற்குள் இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும். உங்கள் ஆபீஸில் என்ன செய்தீர்கள், எது சரிப்பட்டு வந்தது என்று சொல்லுங்கள்.

கடற்காற்று (திங்கள், காலை 10:40)

24 வையுங்கள். ஏசிக்கு நட்சத்திர முத்திரை கொடுக்கும் மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம், 2020 ஜனவரி முதல் விற்பனைக்கு வரும் அறை ஏசிகள் ஆன் செய்ததும் 24-இல்தான் தொடங்க வேண்டும் என்று விதி போட்டுவிட்டது. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பதும் அவர்கள் சொன்ன கணக்குதான். 2025 ஜூனில் மத்திய மின்துறை அமைச்சர் மனோகர் லால், புது ஏசிகளை 20-க்குக் கீழே இறக்க முடியாதபடி செய்யப்போவதாக அறிவித்தார். அரசாங்கமே ஒரு எண் சொல்லிவிட்ட பிறகு நமக்குள் எதற்குச் சண்டை? நோட்டீஸ் அடித்து ஒட்டிவிடுங்கள்.

சில்லர்ரூம் (திங்கள், மதியம் 1:25)

கடற்காற்று சார் சொன்ன தகவல் சரி. ஆனால் இந்தப் பிரச்சினை நோட்டீஸில் தீராது. அம்பத்தூர் எஸ்டேட்டிலும் ஓ.எம்.ஆர். பக்கமும் பல வருஷமாக ஏசி மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ரிமோட்டில் தெரிகிற எண் உங்கள் ஹாலின் வெப்பநிலை கிடையாது. கேசட் ஏசியில் நடுவில் சல்லடை மாதிரி இருக்கிறதே, அது வழியாகத்தான் காற்று உள்ளே திரும்பிப் போகிறது. பெரும்பாலான மாடல்களில் சென்சார் அங்கேதான் இருக்கும். அந்த இடத்தில் 24 ஆகிவிட்டால் கம்ப்ரசர் நின்றுவிடும். பத்தடி தள்ளிக் கண்ணாடி ஓரத்தில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதனால் சேல்ஸ் ஆட்கள் புழுங்குகிறது என்று சொல்வதும் உண்மை, அக்கவுண்ட்ஸ் ஆட்கள் குளிர்கிறது என்று சொல்வதும் உண்மை. ஒரே நேரத்தில், ஒரே ஹாலில், இரண்டும் நடக்கும். யாரும் அடம் பிடிக்கவில்லை என்பதை முதலில் இரண்டு பக்கத்துக்கும் சொல்லுங்கள். இந்தச் சண்டையில் பாதி, எதிராளி வேண்டுமென்றே செய்கிறான் என்ற நினைப்பில்தான் வளர்கிறது.

அந்த ஏ4 தாளை இன்றைக்கே பிய்த்துவிடுங்கள். தாளில் மோதிய குளிர்காற்று நேராக நடுச் சல்லடைக்குள் போகும். ஹால் குளிர்ந்துவிட்டது என்று சென்சார் ஏமாந்து கம்ப்ரசரை நிறுத்தும். கண்ணாடி ஓரம் இன்னும் சூடாகும், அவர்கள் இன்னும் இறக்குவார்கள். தாள் ஓரத்தில் தண்ணீர் கோத்து கீழே கம்ப்யூட்டர் மேல் சொட்டுவதையும் பார்த்திருக்கிறேன். பல மாடல்களில் காற்றைத் திருப்பிவிடும் நான்கு பக்கத் தகடுகளையும் தனித்தனியாகத் திருப்பி வைக்கலாம். மெக்கானிக்கைக் கூப்பிட்டு, தலைக்கு மேல் விழும் பக்கத்தை மட்டும் சீலிங்கோடு ஒட்டிப் போகும்படி படுக்கையாகத் திருப்பச் சொல்லுங்கள். கூடவே ஃபில்டரையும் கழுவிவிடட்டும்.

இன்னொன்று. 18-க்கு இறக்கினால் சீக்கிரம் குளிரும் என்பது எல்லாரும் நம்புகிற விஷயம். சாதாரண கம்ப்ரசர் ஓடும்போது முழு வேகத்தில்தான் ஓடும். 24 வைத்தாலும் 18 வைத்தாலும் முதல் அரைமணிக்கு வருகிற குளிர் ஒன்றுதான். 18 வைத்தால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைசியாக ஈரப்பதம். சென்னையில் இதைப் பேசாமல் ஏசி பற்றிப் பேச முடியாது. கடலோர ஊர், மே மாதத்தில் மட்டுமில்லை, நவம்பர் மழையிலும் காற்றில் ஈரம் தேங்கி நிற்கும். ஈரம் வெளியேறாத ஹாலில் 24 கூடக் கசகசக்கும். ஈரம் குறைந்த ஹாலில் 26 சுகமாக இருக்கும். ஆட்கள் 'ஹாட்டா இருக்கு' என்று சொல்லும்போது பல தடவை அது சூடு இல்லை, வியர்வை காயாத புழுக்கம். ஏசி தேவைக்கு மேல் பெரிதாக இருந்தால் சட்டென்று குளிர்வித்து நின்றுவிடும், ஈரத்தை இழுக்க அதற்கு நேரமே கிடைக்காது.

வெப்பநிலையும் ஈரப்பதமும் சேர்த்துக் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இரண்டு வாங்குங்கள். கண்ணாடி ஓரம் ஒன்று, அக்கவுண்ட்ஸ் மேஜையில் ஒன்று வையுங்கள். அப்புறம் பேசலாம்.

மேற்குமாம்பலம் (திங்கள், மாலை 6:50)

நானும் அக்கவுண்ட்ஸ்தான், வேறு ஆபீஸ். குளிரும் பக்கம் உட்காருகிறவர்களின் நிலைமையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

மாசக் கடைசியில் ஜி.எஸ்.டி. வேலை நடக்கும்போது மதியத்துக்குள் விரல் நுனி மரத்துப் போகும். நம்பர் பேடில் 5 அடித்தால் 55 விழும். டீ வந்ததும் குடிக்க மாட்டேன், முதலில் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் பிடித்துக்கொள்ளும், காற்று அந்தப் பக்கம் விழுவதால். இதைச் சொன்னால் 'ஒரு சால்வை போட்டுக்கோங்க மேடம்' என்று பதில் வருகிறது. சால்வை போட்டுக்கொண்டு டைப் அடித்துப் பார்த்தால் தெரியும். விரலுக்குச் சால்வை போட முடியாது.

ஆபீஸ் குளிருக்கான பழைய அளவுகோல், 40 வயது, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடம்பு எவ்வளவு சூட்டை உண்டாக்கும் என்பதை வைத்து வந்தது என்று 2015-இல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் இரண்டு பேர் எழுதினார்கள். சும்மா உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண்ணின் உடம்பு அந்த அளவுக்குச் சூட்டை உண்டாக்குவதில்லை. 2019-இல் பெர்லினில் 543 மாணவர்களை வைத்துச் செய்த சோதனையில், அறை கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தபோது பெண்கள் கணக்கை நன்றாகப் போட்டார்கள் என்று வந்தது. நம் ஊருக்கு இன்னொரு காரணமும் உண்டு. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து குறைந்த உடம்புக்குக் குளிர் தாங்காது. தைராய்டு குறைவாகச் சுரப்பவர்களுக்கும் அப்படித்தான். நாங்கள் செல்லம் கொஞ்சவில்லை. எங்களை நம்பினால் போதும், மீதியைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

குரோம்பேட்டைவாசி (திங்கள், இரவு 9:05)

மேடம் சொன்னதை முழுக்க ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் தரப்பையும் கேளுங்கள். நான் சேல்ஸ். குரோம்பேட்டையிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் பைக்கில் வருகிறேன். கத்திப்பாரா மேம்பாலத்துக்கு முன்னாலேயே ஹெல்மெட்டுக்குள் வியர்வை கண்ணில் இறங்கும். ஆபீஸுக்குள் நுழையும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். முழுக்கைச் சட்டை, இன் செய்து, ஷூ சாக்ஸ் கட்டாயம். குளிர்ந்தால் மேலே ஒன்று போட்டுக்கொள்ளலாம், புழுங்கினால் நான் எதைக் கழற்றுவது?

உடையை மாற்றவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும் என்பது என் கருத்து. ஜப்பான் அரசாங்கம் 2005 கோடையில் கூல் பிஸ் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஏசியை 28-இல் வையுங்கள், கோட்டும் டையும் வேண்டாம், அரைக்கைச் சட்டையில் வாருங்கள் என்று அரசு அலுவலகங்களிலேயே தொடங்கினார்கள். ஜப்பான்காரனே டையைக் கழற்றிவிட்டான். சென்னையில் வாடிக்கையாளரைப் பார்க்கப் போகாத நாளிலும் நான் முழுக்கைச் சட்டையில் வேக வேண்டுமா? நாலாம்மாடி, ரிமோட்டைத் தொடுவதற்கு முன்னால் உங்கள் டிரெஸ் கோடைத் தொடுங்கள்.

பெசன்ட்நகர்அக்கா (செவ்வாய், காலை 7:30)

பெண்களுக்குக் குளிரும், ஆண்களுக்குப் புழுங்கும் என்று இழை போகிறது. என்னையும் கணக்கில் சேருங்கள். எனக்கு வயது 49. மாதவிடாய் நிற்கிற காலம். மீட்டிங் நடுவில் நெஞ்சிலிருந்து முகம் வரை தீ மாதிரி ஒரு சூடு ஏறும், இரண்டு மூன்று நிமிஷத்தில் நெற்றி நனைந்துவிடும், அப்புறம் அதே வியர்வை காய்ந்து குளிரும். இதை எந்த மேனேஜரிடம் போய் எப்படிச் சொல்வது? பக்கத்து சீட்டுப் பெண்ணுக்கு இருபத்தாறு வயது, அவள் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருக்கிறாள். நான் ரிமோட்டை எடுத்தால் அவள் முகம் வாடும்.

எங்களுக்குள் சண்டையே வரவில்லை. காரணம், மேஜையில் வைக்கிற சின்ன யு.எஸ்.பி. ஃபேன். சூடு ஏறும்போது முகத்துக்கு நேராகத் திருப்பிக்கொள்வேன். அவளுக்கு அந்தக் காற்று போகாது. நாலாம்மாடி, யாருக்கு ஏன் புழுங்குகிறது என்று எல்லார் முன்னாலும் விசாரிக்காதீர்கள். காரணம் கேட்காமல் ஃபேன் கொடுத்துவிடுங்கள்.

செங்கல்சுண்ணாம்பு (செவ்வாய், காலை 11:18)

நான் கட்டடக்கலை படித்தவன். அக்கா சொன்ன ஃபேன் விஷயம் இந்த இழையிலேயே முக்கியமானது, அதற்கு ஆதாரம் சேர்க்கிறேன்.

டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாங்கர் என்ற பேராசிரியர் 1970-இல் எழுதிய கணக்குதான் உலகம் முழுக்க ஏசி வடிவமைப்புக்கு அடிப்படை. மனிதனுக்கு எப்போது இதமாக இருக்கும் என்பதை அவர் ஆறு விஷயங்களில் அடக்கினார்: காற்றின் வெப்பம், சுற்றியுள்ள சுவர் கண்ணாடி வீசும் வெப்பம், காற்றோட்டம், ஈரப்பதம், நாம் செய்யும் வேலை, போட்டிருக்கும் உடை. ரிமோட் இதில் முதல் ஒன்றை மட்டும்தான் தொடுகிறது. அவர் கணக்கிலேயே இன்னொரு விஷயம் வருகிறது. எவ்வளவு கச்சிதமாக வைத்தாலும் நூற்றில் ஐந்து பேராவது திருப்தியில்லாமல்தான் இருப்பார்கள். எல்லாரையும் திருப்திப்படுத்தும் ஒரு எண்ணைத் தேடாதீர்கள், அப்படி ஒன்று கிடையாது.

நம் ஊருக்கு நம் கணக்கே இருக்கிறது. அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகம் ஐந்து ஊர்களின் ஆபீஸ்களில் ஆட்களைக் கேட்டு 2014-இல் ஒரு இந்திய அளவுகோலை உருவாக்கியது. அந்த ஐந்தில் சென்னையும் ஒன்று. 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பிலும் அது இடம்பிடித்தது. வெளிநாட்டு அளவுகோல் சொல்வதைவிடக் கூடுதல் வெப்பத்திலும் நம்மவர்கள் இதமாக இருக்கிறார்கள் என்பதுதான் அதன் சாரம். சென்னை, ஹைதராபாத் ஆபீஸ்களில் ஆராய்ச்சியாளர் மாதவி இந்திரகண்டி குழு செய்த ஆய்வில் ஏசி ஹால்களில் ஆட்களுக்கு இதமான வெப்பம் 26 டிகிரியை ஒட்டி வந்தது. காற்று கொஞ்சம் அசைந்தாலே இரண்டு டிகிரி குறைந்தது போல உடம்புக்குத் தோன்றும். 26 வைத்து ஃபேன் போடுவது 24-க்குச் சமம், செலவும் குறைவு.

உங்கள் மேற்குக் கண்ணாடிதான் உண்மையான எதிரி. மதியம் கண்ணாடி சூடேறிவிட்டால் காற்று 24-இல் இருந்தாலும் பக்கத்தில் உட்காருகிறவர் உடம்பில் அனல் அடிக்கும். அவர் ரிமோட்டில் எவ்வளவு இறக்கினாலும் அந்த அனல் போகாது, நடு வரிசைதான் உறையும்.

நைட்ஷிஃப்ட் (புதன், அதிகாலை 3:40)

பெருங்குடியில் இரவு வேலை. இங்கே பிரச்சினை வேறு. பகலில் முந்நூறு பேர் உட்காரும் தளத்தில் இரவில் நாற்பது பேர். வெயில் இல்லை, பாதி கம்ப்யூட்டர் ஆஃப். ஆனால் ஏசி பகலுக்கு வைத்த அதே அளவில் ஓடுகிறது. மூன்று நான்கு மணிக்குப் பல் கிட்டுகிறது. சுவரில் ஒரு தெர்மோஸ்டாட் இருக்கிறது, அதைத் திருப்பினால் ஒன்றும் ஆவதில்லை. செக்யூரிட்டியிடம் சொன்னால் காலையில் மெயில் போடச் சொல்கிறார்.

சில்லர்ரூம் (புதன், காலை 9:15)

நைட்ஷிஃப்ட் தம்பி, அதிகாலை நாலு மணியை ஒட்டித்தான் உடம்பின் உட்சூடு நாளிலேயே மிகக் குறைவாக இருக்கும். அதே குளிர் பகலைவிட அப்போது கூடுதலாகத் தெரியும். சுவரில் இருப்பது பெரும்பாலும் இணைப்பு துண்டித்த தெர்மோஸ்டாட், பெரிய கட்டடங்களில் கட்டுப்பாடு கண்ட்ரோல் ரூமில் இருக்கும். ஃபெசிலிட்டி ஆட்களிடம் பொதுவாகக் குளிர்கிறது என்று எழுதாதீர்கள். 'இரவு 11 முதல் 6 வரை இந்தத் தளத்துக்கு ஏ.எச்.யு. செட் பாயின்ட்டை 26 ஆக்கி ஷெட்யூல் போடுங்கள்' என்று எழுதுங்கள். ஏ.எச்.யு. என்பது தளத்துக்குக் குளிர்காற்றை அனுப்பும் பெரிய இயந்திரம், செட் பாயின்ட் என்பது அதில் வைக்கிற வெப்பநிலை. வேலை ஐந்து நிமிஷம்தான். கரன்ட் பில் குறையும் என்று ஒரு வரி சேர்த்தால் சீக்கிரம் நடக்கும். நாற்பது பேரும் பரவி உட்காராமல் ஒரே பக்கம் உட்கார்ந்தால் மற்ற பக்கத்தை முழுக்க நிறுத்தவும் சொல்லலாம்.

கடற்காற்று (புதன், காலை 11:02)

நல்ல தகவல்கள். ஆனால் கடைசியில் யாராவது ஒருவர் முடிவெடுக்க வேண்டுமே? ஓட்டெடுப்பு வைக்கலாம் இல்லையா? இதற்குச் சட்டம் ஏதாவது இருக்கிறதா?

மேற்குமாம்பலம் (புதன், மதியம் 2:20)

ஓட்டெடுப்பு மட்டும் வேண்டவே வேண்டாம் சார். பதினைந்து பேர் ஓட்டுப் போட்டு 20 வைத்தால் மீதிப் பத்துப் பேர் தினம் எட்டு மணிநேரம் தோற்றுக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் ஆபீஸில் அப்படி வாட்ஸ்அப்பில் ஒரு ஓட்டெடுப்பு நடந்தது. யார் எதற்குப் போட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்துபோய், ஏசியைவிட அதுவே பெரிய மனஸ்தாபம் ஆனது.

சட்டம் என்று பார்த்தால், 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 13-ஆவது பிரிவு வேலைசெய்யும் இடத்தில் நியாயமான வசதியான வெப்பநிலை வேண்டும் என்றது, அது தொழிற்சாலைகளுக்கு. 1947-இன் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் காற்றோட்டம், வெளிச்சம் பற்றிப் பேசுகிறது. ஆபீஸில் இத்தனை டிகிரி என்று அதில் எண் கிடையாது. சட்டத்தை எடுத்துக்கொண்டு போய் நின்றால் பதில் கிடைக்காது. மருத்துவக் காரணம் இருந்தால் மட்டும் இடம் மாற்றித் தரும்படி எச்.ஆருக்குத் தனியாக எழுதிக் கொடுங்கள், ஊர் அறிய வேண்டியதில்லை.

நாலாம்மாடி (அடுத்த புதன், மாலை 5:35)

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

தாளைப் பிய்த்துவிட்டோம். மீட்டர் இரண்டு வாங்கினேன். ரிமோட் 21 காட்டும்போது, மதியம் மூன்றரைக்கு, நடு வரிசையில் 20.5, கண்ணாடி ஓரத்தில் 28. அதைப் போட்டோ எடுத்து ஒன்றும் சொல்லாமல் குழுவில் போட்டேன். சேல்ஸில் ரொம்பக் கோபமாக இருந்த நண்பரே எழுந்து வந்து நடு வரிசையில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தார். 'இங்க எப்படிங்க உட்கார்றீங்க' என்று கேட்டார். அக்கவுண்ட்ஸில் இருந்து ஒருவர் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பேச்சு சுலபமாகிவிட்டது.

மெக்கானிக் வந்து தகடுகளைத் திருப்பி, ஃபில்டர்களைக் கழுவினார். கண்ணாடிப் பக்க ஏசியைத் தனியாக 23-இலும், நடுவில் இருப்பதை 26-இலும் வைத்திருக்கிறோம். காலையில் பைக்கில் வருகிறவர்களுக்காக முதல் அரைமணி மட்டும் ஃபேன் வேகம் முழுசு. மாற்ற வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாற்றுவது என்று பேச்சு. புழுங்கும் இரண்டு பேரும் குளிரும் ஒருவரும் அவர்களாகவே இடம் மாறிக்கொண்டார்கள். மேஜை ஃபேன் கேட்டவர்களுக்கு வாங்கிக் கொடுத்தாயிற்று, பெசன்ட்நகர் அக்கா சொன்னபடி ஏன் என்று கேட்கவில்லை. வெளியே போகாத நாளில் அரைக்கைச் சட்டைக்கும் செருப்புக்கும் மேனேஜர் சம்மதித்துவிட்டார்.

ஒருவருக்கு மட்டும் இன்னும் சரியாகவில்லை. தூண் பக்கம் உட்காருகிறார், 26-லும் அவருக்குக் கால் சில்லிடுகிறது. அவருக்கு வேறு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சில்லர்ரூம் அண்ணா, கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்ட நிர்வாகம் பணம் தரத் தயார். எதைக் கவனிக்க வேண்டும்?

சில்லர்ரூம் (அடுத்த புதன், இரவு 8:10)

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. கால் சில்லிடுபவருக்கு, தூணுக்குப் பக்கத்தில் தரையோடு குளிர்காற்று இறங்குகிறதா என்று பாருங்கள். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி மேஜைக்கு அடியில் பிடித்தால் புகை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து காற்று வருகிறது. மேஜையின் அந்தப் பக்கத்தை ஒரு பலகையால் மறைத்தாலே போதும். மேலே புகை சென்சார் இருக்கும், அதனால் செக்யூரிட்டியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஃபிலிம் ஒட்டும் முன்னால் கண்ணாடி ஒற்றையா, நடுவில் காற்றிடைவெளி விட்ட இரட்டையா என்று பார்க்க வேண்டும். இரட்டை என்றால் உள்பக்கம் ஃபிலிம் ஒட்டினால் சூடு கண்ணாடியிலேயே தேங்கி விரிசல் விடலாம், கட்டட உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒட்டாதீர்கள். வெளிப்பக்கம் மறைப்பு போட அவர் ஒத்துக்கொண்டால் அதுவே மேல், உள்ளே போடும் பிளைண்ட்ஸ் வெயிலை ஹாலுக்குள் விட்ட பிறகுதான் தடுக்கும். வாங்கும்போது கறுப்பாக இருந்தால் நல்ல ஃபிலிம் என்று கடைக்காரர் சொல்வார், கேட்காதீர்கள். வெப்பத்தை எத்தனை சதவீதம் தடுக்கும் என்ற எண்ணை அட்டையில் காட்டச் சொல்லுங்கள். முதலில் ஒரே ஒரு கண்ணாடிக்கு ஒட்டி, மூன்றரை மணிக்கு மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு மீதிக்கு ஆர்டர் கொடுங்கள்.